எங்கள் வீட்டுக்கு இரண்டு தாத்தாக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை புந்தோங்கில் ஒரு மாணவர் முகாம். சோதனைகளை வென்று வாழ்ந்து காட்டிய யாரைப் பற்றியாவது இருபது நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள். பாட்டியைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். மேடையேறியதும் வேறு எதையோ பேசிவிட்டு இறங்கிவிட்டேன். ஏற்பாடு செய்த தம்பி நல்லவர். "அருமைங்க அண்ணே" என்று சொல்லிக் கையில் ஒரு கச்சாங் பூத்தே பொட்டலத்தைத் திணித்தார். புந்தோங்குக்குப் போனவன் அது இல்லாமல் திரும்பக் கூடாது. கொறித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தபோதுதான் பிடிபட்டது: என்னைத் தடுத்தது அந்த "வென்று" என்ற சொல். பாட்டி எதை வென்றார்?

எனக்குப் பதினொரு வயதில், 1983-இல், தாத்தா இறந்துபோனார். கருமாதி அன்று தோட்டத்து லயத்துப் பெண்கள் பாட்டியைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் ஒருத்தி பாட்டியின் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றில் கை வைத்தாள். பாட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அத விடு. அது அவரு கட்டுனது இல்ல" என்றார்.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாட்டி எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி அப்பாதான் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "பாட்டிக்கு மொதல்ல ஒரு புருஷன் இருந்தாரு. சயாமுக்குப் போனவரு."

பாட்டி 1941-இல், பதினேழு வயதில் கல்யாணமாகி, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு வந்தவர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் ஈப்போவுக்குள் நுழைந்துவிட்டார்கள். துரைமார் தெற்கே ஓடிப்போனார்கள். கித்தா, அதாவது ரப்பர், வாங்க ஆளில்லை. வேலைக்கு அழைக்கும் பெரட்டு மணி நின்றது, சம்பளமும் நின்றது. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டார்கள். சேலை கிழிந்த பிறகு சாக்கை உடுத்தினார்கள். தாலியில் இருந்த குண்டுமணித் தங்கத்தை விற்று அரிசி வாங்கிவிட்டு, கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டார் பாட்டி. "ஜப்பான்காரன் காலத்துல" என்று தொடங்கும் இந்தக் கதைகள் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சோற்றை மிச்சம் வைக்கும் பிள்ளைகளை மிரட்ட அவை வசதியானவை.

பிறகு ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் கேட்டு வந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம். முதலில் பசியில் தாமாகவே போனவர்கள் உண்டு. போனவர்கள் திரும்பாததால் பின்னால் பிடித்துப் போனார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்குள் கூட்டி, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதை ஊருக்கு ஊர் உண்டு. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளத்தைச் சேர்த்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் எண்ணி வைத்தவர் இல்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள் வரிசை பிடித்து நிற்கின்றன, புல்லை வெட்டி, பூச்செடி வைத்து. நம்மவர்களைக் கூட்டமாகப் புதைத்தார்கள், அல்லது எரித்தார்கள். 2023 மே முதல் நாள், அங்கே வாட் தாவோன் விகாரையில் அவர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து.

தெற்கிலிருந்து ஆட்களை ஏற்றி வடக்கே போன சரக்குப் பெட்டிகள் எல்லாம் ஈப்போ நிலையத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். 1917-இல் திறந்த, வெள்ளை வெளேரென்ற அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று இன்று கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும். நானும் எடுத்துக்கொண்டவன்தான்.

பாட்டியின் புருஷன் எப்படிப் போனார் என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள். கிராணி பெயர் கொடுத்துவிட்டார் என்பது ஒன்று. தானே போனார் என்பது இன்னொன்று. இரண்டையும் சொன்னவர் பாட்டிதான், வேறு வேறு நாளில். மேலே கேட்டால், "கட்டையத் தொடாதடா" என்பார். ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர்களுக்கு இது புரியும். உளி பட்டைக்குள்ளேயே ஓட வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் தூர்ந்துபோகும், மறுபடி அங்கே உளி ஓடாது. தண்டல் பார்த்தால் ஏச்சுத்தான்.

சண்டை முடிந்து மறுபடி பெரட்டு மணி அடித்தது. பாட்டி வாளியும் காண்டாவுமாக வரிசையில் போய் நின்றார். விடிவதற்கு முன் எழுந்து, இருட்டில் நிரைக்குப் போய், முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, ஸ்டோருக்குத் தூக்கிவந்து நிறுத்துப் போட வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. பொட்டு வைக்கலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை. இறந்தார் என்று தெரிந்தால் ஒரு சடங்கு உண்டு. வருவார் என்று தெரிந்தால் காத்திருக்கலாம். இரண்டும் இல்லாதவள் என்ன செய்ய வேண்டும் என்று லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. கயிறு வியர்வையில் நைந்துபோகும்போதெல்லாம் தானே புதுக்கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டார்.

தாத்தா, அதாவது நான் பார்த்த தாத்தா, 1946-இல் அந்தத் தோட்டத்துக்கு வந்தார். தெலுக் அன்சன் பக்கத்துத் தோட்டக்காரர். அவரும் சயாமுக்குப் போனவர், திரும்பி வந்தவர். வந்து பார்த்தால் அவருடைய வீட்டில் யாரும் இல்லை. மனைவியும் கைக்குழந்தையும் காய்ச்சலில் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே இருக்கப் பிடிக்காமல் வடக்கே நடந்தவர் இங்கே தங்கிவிட்டார். வலது கெண்டைக்காலில் ஒரு முழுக்கோழிமுட்டை போகிற அளவுக்குப் பள்ளம். மூங்கில் கீறினால் போதும், அந்தக் காட்டில் அது எலும்புவரை அழுகும். நிரையில் ஏறி இறங்க முடியாதென்று ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். லயத்துப் பக்கம் எங்கே மூங்கில் குருத்து விட்டாலும் அரிவாளோடு போய் வெட்டிவிட்டு வருவார். பாம்பு அடையும் என்பதால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

1947-இல் இருவரும் சேர்ந்தார்கள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. கிராணி இரண்டு பெயரையும் ஒரே வீட்டு எண்ணில் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். தாத்தா புதுத்தாலி கட்டவில்லை. பழைய கயிற்றை அவிழ்க்கவும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடம் இன்னொருவர் கட்டிய கயிற்றோடு இருந்த பெண்ணோடு ஒரு மனிதர் குடும்பம் நடத்தியிருக்கிறார். இதை எந்த முகாமில், எந்தத் தலைப்பின் கீழ் பேசுவது?

அடுத்த ஆண்டே அடுத்த தொல்லை. 1948 ஜூன் 16-ஆம் நாள் காலையில் எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகத் தடை. கேட்டில் வாளியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அப்பா வயிற்றில் இருந்தபோது பாட்டி வெறும் வயிற்றோடு மரம் வெட்டினார். ஜப்பான்காரன் சோறில்லாமல் வைத்தான், வெள்ளைக்காரன் சோறு இருந்தும் தின்னவிடவில்லை என்பார்.

தாத்தாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்க மாட்டார். "ஒருவாட்டி வச்சதுக்கே எங்க கொண்டுபோனான் தெரியுமா?" 1957-இல் நாடு சுதந்திரம் பெற்று, குடியுரிமைக்கு மனுப்போடச் சொல்லி ஆட்கள் வந்தபோதும் வைக்கவில்லை. கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி.தான். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். ஒரு நல்ல கிராணி புண்ணியத்தில் தாத்தாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. கைநாட்டு வைக்கப் போனவர் ஆபீஸ் படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்ததாக அப்பா சொல்வார். சயாமிலிருந்து வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாட்டி அப்படி இல்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிய காலத்தில், சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். தாத்தாவுக்குத் தெரியாமல் பாட்டி கைநாட்டு வைத்தார். பிஸ்கட் டின்னில் அந்தப் பங்குச் சீட்டு கடைசிவரை இருந்தது.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். அவருக்குப் பெயரே "சயாம்" என்று ஆகிவிட்டிருந்தது. அவரும் திரும்பி வந்தவர்தான், ஆனால் கள்ளுக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே வாழ்க்கை முடிந்தது. நாங்கள் பிள்ளைகள் மறைந்து நின்று, "குர்ரா!" என்று ஜப்பான்காரன் குரலில் கத்துவோம். அவர் சட்டென்று நிமிர்ந்து, கையை ஒட்டிவைத்து, விறைத்து நிற்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே ஓடுவோம். நானும் கத்தியிருக்கிறேன். தாத்தா ஒருமுறை பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. கிழவர் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, கையைத் தளர்த்திவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போனார். என் பாட்டியும் தாத்தாவும் மன உறுதி படைத்தவர்கள், அந்தக் கிழவர் கோழை என்று பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. தாத்தாவுக்குப் பாட்டி கிடைத்தார். அவருக்கு யாரும் கிடைக்கவில்லை.

ஈடு யாருக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் சயாமுக்கு ஆளை மட்டும் எடுத்துப் போகவில்லை. இங்கிருந்த தண்டவாளங்களையும் பெயர்த்துப் போனார்கள். கிழக்குக் கரைப் பாதை பெயர்ந்தது. ஈப்போவிலிருந்து துரோனோவுக்கு ஓடிய கிளைப் பாதையும் அந்தக் காலத்தோடு போயிற்று, திரும்ப வரவேயில்லை. சண்டைக்குப் பின் 1946-இல் பிரிட்டிஷார் சயாம் பக்கத்துப் பாதையைத் தாய்லாந்து அரசுக்கு 12 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு விற்றார்கள். அந்தப் பணம், ஜப்பானியர் எடுத்துப்போன சாமான்களுக்கு ஈடாக அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் பிரிந்தது. தண்டவாளத்துக்குக் கணக்கு இருந்தது. 1967-இல் ஜப்பான், போர்க்காலச் சாவுகளுக்கான ஈட்டை, "ரத்தக் கடனை"த் தீர்த்தது. நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தவை இரண்டு சரக்குக் கப்பல்கள். பாட்டிக்கு ஒரு காசு வரவில்லை. கப்பல் விஷயத்தைப் படித்துவிட்டு நான் கொதித்துப்போய்ச் சொன்னபோது, "கப்பல வச்சி நான் என்னடா பண்ண?" என்றார்.

தாத்தா அந்த முகாம்களைப் பார்த்தவர். யார் யார் எங்கே விழுந்தார்கள் என்று ஓரளவு தெரிந்தவர். என் புருஷனைப் பார்த்தீர்களா என்று பாட்டி அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடம் ஒரே அடுப்பு. ஏன் கேட்கவில்லை என்று நான் பாட்டியிடம், அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1997-இல் கேட்டேன். அப்போது தோட்டம் செம்பனையாகி, லயத்தை இடித்து, நாங்கள் ஈப்போவில் ஒரு தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். வழக்கம்போலக் கட்டையைத் தொடாதே என்பார் என்று நினைத்தேன். "போங்கன்னு நாந்தான்டா சொன்னேன். வீட்டுல அரிசி இல்ல" என்றார். பிறகு எழுந்துபோய் விளக்கேற்றினார். அந்த வாக்கியத்தோடு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் மரம் வெட்டி, பிள்ளை பெற்று, பங்குச் சீட்டுக் கட்டி, பேரப்பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் படையல் போடுவோம். செத்த நாள் தெரியாதவருக்குத் திதி கிடையாது, அதனால் தீபாவளி. சின்ன வயதில் ஓர் இலைதான். தோட்டத்து வாழையில் நுனி இலையாகப் பார்த்து அறுத்துவந்து, கழுவி, விரித்துப் போடுவது தாத்தா. அவருடைய அப்பாவுக்கு என்று எண்ணியிருந்தேன். தாத்தா போன பிறகு இரண்டு இலைகள் ஆயின. இரண்டிலும் ஒரே பண்டங்கள்: ஆட்டுக்கறி, நெத்திலிக் கருவாட்டுச் சம்பால், கொஞ்சம் கள், எல்லாம் தாத்தாவுக்குப் பிடித்தவை.

ஒரு தீபாவளிக்குக் கேட்டுவிட்டேன், மற்றவருக்கு என்ன பிடிக்கும் என்று.

பாட்டி கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "மறந்துபோச்சுடா" என்றார். "ரெண்டு வருஷம்கூடச் சமைச்சிப் போடல. அதுலயும் பாதி நாள் மரவள்ளிதான். அத எப்படி இலையில வைக்கிறது?"