அரை நிமிடத்தில் அறிய முடியாத மணம்

நறுமணத் திரவியம் வாங்குவோரில் பலர், கடையின் முகப்பில் நின்றபடியே தாள் துண்டில் தெளித்த துளியை முகர்ந்து, அரை நிமிடத்தில் முடிவெடுத்து விடுகின்றனர். மலரையும் கஸ்தூரியையும் இணைத்துப் பழைய பாணியில் ஆக்கப்படும் மணங்கள் இந்த அவசரத் தேர்வில் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. 'பாட்டியின் பெட்டி மணம்' என்று இளையோர் அவற்றை ஒதுக்குவதும் உண்டு. அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது நமது கருத்து.

அத்தகைய திரவியம் ஒன்றை மணிக்கட்டில் இரு துளி இட்டுக்கொண்டு, மைசூருவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேல்கோட்டைக்கு நாம் சென்றோம். முதலில் எழுந்தது எலுமிச்சைத் தோலும் சோப்பு நுரையும் கலந்தாற்போன்ற கூர்மையான வாடை. சற்று மிகையாகவே தோன்றியது. ஊரை அடையும் வேளையில் அது தணிந்து, மல்லிகையும் ரோஜாவும் விரிந்தன. யோக நரசிம்மர் மலைப்படிகளில் ஏறி உடல் வெம்மையுற்றபோது, மலர்களுக்கு அடியிலிருந்து கஸ்தூரியின் மணம் மெல்ல வெளிப்பட்டது. மாலையில் கல்யாணிக் குளக்கரையில் அமர்ந்திருக்கையில், வெயிலில் உலர்ந்த பருத்தித் துணியின் இதமான வாசம் போல ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. காலையில் மட்டுமே முகர்ந்திருந்தால், இதில் எதையும் அறிந்திருக்க மாட்டோம்.

இதன் காரணம் எளியது. இலகுவான மூலக்கூறுகள் விரைவில் ஆவியாகின்றன. மலர்க்கூறுகள் சில மணி நேரம் தங்குகின்றன. கஸ்தூரி வகைப் பொருள்கள் கனமானவை ஆதலால் இறுதிவரை நின்று, மலர்மணத்தையும் பிடித்து வைக்கின்றன.

இக்கூட்டு நமக்கு அயலானதும் அன்று. திருநாராயணபுரம் என வைணவர் போற்றும் மேல்கோட்டையில் இராமாநுசர் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. கன்னட நாட்டின் நடுவே இன்றும் திவ்வியப் பிரபந்தம் ஒலிக்கும் ஊர் அது. துளசி, பச்சைக் கற்பூரம், சந்தனம், புனுகு, கஸ்தூரி என்னும் வரிசை நம் கோயில் வழிபாட்டில் பழகியது. 1921-இல் பாரிஸில் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற 'ஷனெல் எண் 5' மல்லிகையையும் கஸ்தூரி மணத்தையும் இணைத்தபோது, அவ்விணைப்பு நம் வீடுகளில் ஏற்கெனவே பழமையானதாக இருந்தது.

எனினும், பழமையைப் போற்றுவோர் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். இயற்கைக் கஸ்தூரி, இமயமலைப் பகுதிகளில் வாழும் ஆண் கஸ்தூரி மானின் சுரப்பிப்பையில் உண்டாவது. அதற்காக மான்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அம்மானுக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை வழங்கியுள்ளது. அதன் பொருள்களை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆகவே, 'அசல் கஸ்தூரி' என்று ஒருவர் குரல் தாழ்த்திக் கூறி விற்றால், அது போலியாக இருக்க வேண்டும் அல்லது குற்றமாக இருக்க வேண்டும். இரண்டிற்கும் நம் பணம் செல்லலாகாது.

செயற்கை என்பதனாலேயே ஒரு பொருள் தாழ்ந்ததாகி விடாது. 1888-இல் வெடிமருந்து ஆய்வில் ஈடுபட்டிருந்த ஆல்பர்ட் பவுர் தற்செயலாகக் கஸ்தூரி மணமுள்ள பொருளொன்றைக் கண்டறிந்தார். பின்னர் 1926-இல் லியோபோல்ட் ருசிச்கா இயற்கைக் கஸ்தூரியின் மணக்கூறான மஸ்கோனின் அமைப்பை விளக்கினார்; 1939-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றோரில் அவரும் ஒருவர். மானைக் கொல்லாமலே அம்மணத்தைப் பெறும் வழியை இத்தகைய ஆய்வுகளே திறந்தன. செயற்கையைச் செயற்கை என்று அறிவித்து விற்பது நேர்மையான வணிகம்.

மலரின் கணக்கும் அறியத்தக்கது. ஒரு கிலோ தூய மல்லிகைச் சாறு பெற ஏறத்தாழ 1,000 கிலோ மலர்கள் தேவைப்படுகின்றன. அம்மலர்கள் கையால் மட்டுமே பறிக்கப்படுபவை. பறித்த சில மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர வேண்டியவை. சத்தியமங்கலம், கோவைப் பகுதிகளில் வடிக்கப்படும் மல்லிகைச் சாறு வெளிநாட்டுத் திரவியங்களுக்கும் செல்கிறது. இந்நிலையில், முழுவதும் தூய மல்லிகைச் சாறே என்னும் விளம்பரத்துடன் நூறு ரூபாய்க்கு ஒரு குப்பி கிடைக்குமாயின், வாசகர் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். நம்ப இயலாத வட்டி தருவதாகக் கூறுவோரிடம் நாம் கேட்கும் அதே வினாவை இங்கும் கேட்க வேண்டும்: இவ்விலைக்கு இது எவ்வாறு இயலும்?

அளவும் முதன்மையானது. சில கஸ்தூரி மூலக்கூறுகளின் மணம் சிலருக்குப் புலப்படுவதே இல்லை. அணிந்தவரின் மூக்கும் சிறிது நேரத்தில் பழகி மரத்துவிடும். மணம் போய்விட்டதென எண்ணி அவர் மீண்டும் தெளிக்க, அருகில் இருப்பவருக்குத் தலைவலி உண்டாகிறது. குளிரூட்டப்பட்டு மூடிய வங்கி அரங்கில், முகப்பின் இருபுறமும் உள்ளோர் இதனை அறிவர். இரு துளி போதும். மூன்றாவது துளி பெரும்பாலும் பிறர்மேல் சுமத்தும் சுமை.

ஆகவே, வாங்குமுன் தோலில் ஒரு துளி இட்டு வீடு திரும்புங்கள், மாலைவரை காத்திருங்கள். அடக்கப்பட்டியலைப் படியுங்கள், விலையின் பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள். இத்தனைக்குப் பின்னும் அம்மணம் பிடிக்கவில்லையெனில் தயங்காது விட்டுவிடலாம். ஆனால் தீர்ப்பு மாலையில் அமையட்டும். பழைய மணம் தன் சிறந்த பகுதியை அப்போதுதான் வெளிப்படுத்துகிறது.