ஒரு ஸ்பூன் உப்பு என்றால் எவ்வளவு?

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு நாத்தனார் மகளிடமிருந்து போன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்துவிட்டதாம். "வீட்டிலேயே கலக்கலாமா மாமி?" என்றாள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீர், ஆறு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் உப்பு என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டேன். கால் மணியில் மறுபடி போன். "வாயிலே வைக்க முடியலை மாமி, அப்படிக் கரிக்குது!"

நல்லவேளை, ருசி பார்த்தாள். கண்ணீரைவிடக் கரித்தால் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கீழே கொட்டச் சொன்னேன். சரியான அளவு, தலைதட்டி அரை டீஸ்பூன் தூளுப்பு, தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கல்லுப்புதான். கொஞ்சம் கூடவே அள்ளுவது என் கைப்பழக்கம். அதே வாக்கில் 'ஒரு ஸ்பூன்' என்றேன். அவளோ தூளுப்பைக் கோபுரமாக எடுத்திருக்கிறாள்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளர் கல்லுப்பை நிறுத்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, அதே டம்ளரில் கொட்டினேன். மட்டம் இறங்கிவிட்டது! எடை அப்படியேதான் இருந்தது.

உப்பின் அடர்த்தி மாறுவதே இல்லை, சகோதரிகளே. கட்டியானாலும் தூளானாலும், இடைவெளி இல்லாத ஒரு கன சென்டிமீட்டர் உப்பு 2.16 கிராம். மாறுவது நடுவில் இருக்கிற காற்றுதான். கூடையில் சாத்துக்குடியை எப்படிக் குலுக்கி நிரப்பினாலும் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாகவே இருக்கும். கல்லுப்பும் அப்படித்தான், மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு நிற்கும். பொடித்தால் பெரிசும் சிறிசுமாகி, சிறிசு இடுக்கில் புகுந்துகொள்ளும். தூளுப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல்லுப்பு அதைவிடக் குறைவு, எவ்வளவு என்பது கல்லின் பருமனைப் பொறுத்தது.

அதற்காகப் பொடித்ததெல்லாம் குறுகும் என்றில்லை. சலித்த மைதா காற்றை வாங்கி உப்பி நிற்கும், டப்பாவைத் தட்டினால் இறங்கும். பால் பவுடரும் அப்படியே. டின்னோடு வரும் கரண்டியில் அமுக்காமல் எடுத்து, கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். அமுக்கினால் பால் கெட்டியாகிக் குழந்தைக்கு ஆகாது.

ஒன்று மறக்காதீர்கள், வீட்டுக் கலவை அவசரத்துக்குத்தான். குழந்தை துவண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள்.

பேரன் இப்போது நன்றாக ஓடியாடுகிறான். அவன் அம்மா நாலு பொட்டலம் வாங்கி வைத்துவிட்டாள். உப்பு விஷயத்தில் மாமியை நம்புவதில்லையாம்!