பழமனையும் நீராட்டறையும்

பழைய மனைகளைக் குறித்துப் பேசுவோர் இருதிறத்தார். ஒரு சாரார், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுக என்பர். மற்றொரு சாரார், ஓர் ஓட்டையேனும் அசைத்தல் ஆகாது என்பர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் அம்மனைகளில் வாழாதவரே. வாழ்பவரோ, நள்ளிரவில் கைவிளக்கொன்றை ஏந்தி, முற்றத்தைக் கடந்து, பின்கட்டைக் கடந்து, கிணற்றடி வழுக்கலுக்கு அஞ்சியஞ்சிக் கொல்லைக்குச் செல்லும் முதியோர். அவர் கருத்தை எவரும் கேட்பதில்லை. அவர்பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

எம் பாட்டியார் வாழும் வீடு மயிலத்தினின்று திண்டிவனஞ் செல்லும் வழியில் ஒரு சிற்றூரில் உளது. நூறாண்டு கடந்தது. தெருவில் திண்ணை, அடுத்து நடை, நடுவே வானம் நோக்கிய முற்றம், அதனைச் சூழத் தாழ்வாரம், பனங்கைகளின்மேல் நாட்டோடு என, இப்பக்கத்துப் பழைய வீடுகளுக்குரிய அமைப்பு யாவும் அதன்கண் உள. பின்கட்டிற்கு அப்பால் கிணறு, கிணற்றருகே துவைகல், அதனைச் சுற்றி ஓலைத்தட்டி. அதுவே நீராடுமிடம். கழிப்பறையோ கொல்லைக் கோடியில். ஐப்பசி மழை ஒன்றில் பாட்டியார் பாசி படர்ந்த தரையில் வழுக்கி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிவுற்றார். மூன்று திங்கள் படுக்கை. அதன்பின்னரே குடும்பத்தார் கூடி ஆராய்ந்தனர். மூத்த மாமா வீட்டையே இடித்துவிடலாம் என்றார். வேலை ஏற்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், கூடத்தை ஒட்டிய நெல்லறையைத் தடுத்து, சுவரை வெட்டிக் குழாய் புதைத்து, பளபளக்கும் ஓடு பதித்து, பதினைந்தே நாளில் முடித்துத் தருவதாகக் கூறினார். பாட்டியார் யாதும் கூறவில்லை.

அவ்விரண்டும் தகா என்பது எம் துணிபு. நீர் புழங்குமிடத்தைக் கொல்லைப்புறத்தே வைத்த நம் முன்னோர் அறிவிலரல்லர். மரமும் சுண்ணாம்பும் கொண்ட வீட்டினுள் நீரை நாள்தோறும் விடலாகாது என்று அவர் அறிந்திருந்தனர். சிந்துவெளி மொகஞ்சதாரோ நகரத்தாரும் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னர், செங்கல் நெருங்கப் பதித்த நீராட்டறைகளைப் பெரும்பாலும் தெருப்பக்கச் சுவரையொட்டியே அமைத்தனர். நீர் வீட்டினூடே ஓடாமல் நேரே சலதாரை வழியாகத் தெருச் சாக்கடையை அடையவேண்டும் என்பதே நோக்கம் போலும். ஆதலின் நாம் திருத்த வேண்டுவது முன்னோர் அறிவையன்று. தொலைவையும் இருளையும் வழுக்கலையுமே.

இனி, சுவரை வெட்டுவதால் வரும் கேட்டைச் சிறிது விரித்துரைப்போம். இதனை அறியாமையாலேயே பல நல்ல வீடுகள் கெட்டன. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் கரியமில வாயு நீங்குகின்றது. பின் நீரில் நீற்றிச் சுவரிற் பூசினால், காற்றிலுள்ள அவ்வாயுவையே மெல்ல மெல்ல மீண்டும் ஏற்றுக் கல்லாக இறுகுகின்றது. இறுகினும் நுண்டுளை உடையதாகலின், மாரியில் நிலத்து ஈரத்தை உட்கொண்ட சுவர் கோடையில் அதனை வெளிவிட்டு உலர்கின்றது. சிமெண்டோ, இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் 1824-இல் காப்புரிமை பெற்ற பொருளின் வழிவந்தது. புதிய கட்டடங்களுக்கு அதன் உறுதி பெரிதும் பயன்படுவதே. அதனை யாம் பழிக்கவில்லை. பழஞ்சுவரின்மேல் பூசுங்கால் மட்டும் அது மூடிபோல் நின்று ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகின்றது. ஓதம் மேலேறுகின்றது, உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிர்கின்றது, சுவரில் செருகிய உத்திரத்தின் தலை கண்ணுக்குத் தெரியாமலே இற்றுப்போகின்றது, பின்னர்க் கறையான் வந்து சேர்கின்றது. சில ஆண்டு சென்றபின், "பழைய வீடு, தாங்கவில்லை" என்று பழியை வீட்டின்மேல் ஏற்றிவிடுவர்.

ஆகவே நீராட்டறை பழஞ்சுவரைத் தீண்டாது நிற்றல் வேண்டும். பின்கட்டுத் தாழ்வாரத்தின் கோடியில், முதியோர் படுக்குமிடத்திற்கு அணித்தாக, தனக்கெனக் கடைக்காலும் சுவரும் உடைய சிற்றறையாக அது அமைக. குழாய்கள் வெளியே தெரிய ஓடுக. அழகில்லை என்பார்க்கு, ஒழுகினால் அன்றே தெரியும் என்பதே விடை. தரைக்குப் பளபளக்கும் ஓடு வேண்டா. கொத்திய கருங்கல் நம் பக்கத்திலேயே கிடைக்கும். நான்கடிக்கு ஓரங்குலம் சரிவிருந்தால் நீர் தேங்காது. வாயிலுக்குப் படி வேண்டா. சக்கர நாற்காலி புகுமாறு மூன்றடி அகலம் வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும். உள்ளே ஒருவர் வீழ்ந்து கிடந்தால், உட்புறம் திறக்குங் கதவை அவர் உடலே தடுத்துவிடுமன்றோ?

பழைய வீடுகளைப் பழைய முறையிற் செப்பனிடுதல் இயலாததன்று. மயிலத்தினின்று ஒரு பகலிற் சென்று மீளத்தக்க புதுச்சேரியில், வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளும் திண்ணைகளும் இன்டாக் அமைப்பினரின் முயற்சியால் பழைய உருவிலேயே புதுக்கப்பெற்றன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்புப் பரிசு வரிசையில் அவ்வேலை சிறப்புப் பெற்றது. மகிழ்ச்சியே. எனினும் அத்தெருவில் நடந்தபோது எமக்கோர் எண்ணம் எழுந்தது. முகப்பைக் காண வருவார் பலர். கொல்லையைக் காண வருவார் யார்? அந்நகரத்துப் பழைய தமிழ் வீடுகள் சில இக்காலத்துத் தங்கும் விடுதிகளாயின. அவற்றில் வந்து தங்குவோர்க்கு அறைதோறும் நீராட்டறை உண்டு. பணந்தந்து ஈரிரவு தங்குவார்க்கு இசைந்த மாற்றம், அறுபதாண்டு அவ்வகை வீட்டைப் பெருக்கி மெழுகிய மூதாட்டியார்க்கு மட்டும் மரபுக்கேடு ஆவதெங்ஙனம்?

பழமையைப் போற்றுவார் மறக்கும் பக்கம் மற்றொன்றும் உண்டு. எம் பாட்டியார் வீட்டுப் பின்மதிலில், சந்தை நோக்கிய சிறு வாயிலொன்று செங்கல்லால் அடைபட்டுக் கிடக்கின்றது. எடுப்புக் கக்கூசு இருந்த காலத்தில் மலம் அள்ளும் பெண்மணி அவ்வழியே வந்து அவ்வழியே மீள்வார்; தெருவாயிலில் அவர்க்கு இடமில்லை. எம் வீட்டார் கிறிஸ்தவர். சீடர் கால்களைக் கழுவிய ஆண்டவரின் வரலாற்றைப் பெரிய வியாழன்தோறும் கோயிலிற் கேட்போர். அப்பெண்மணியின் பெயரை வினவினோம். எவர்க்கும் தெரியவில்லை. அத்தொழிலையும் அவ்வகைக் கழிப்பிடங்களையும் விலக்கி 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் அதனினும் கடிய சட்டமும் பிறந்தன. நிறைந்த கழிவுத் தொட்டியுள் மனிதரை இறக்குதல் இன்றும் ஒழிந்தபாடில்லை. ஆதலின் நீராட்டறையைப் புதுக்குவார் கழிவு எங்கே செல்லும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். பிந்தேசுவர் பாட்டக் 1970-இல் தொடங்கிய சுலப் இயக்கத்தார் பரப்பிய இரட்டைக் குழி முறை சிற்றூர்க்கு ஏற்றது. ஒரு குழி நிறைந்ததும் வழியை மற்றதற்குத் திருப்பி, முன்னதை ஈராண்டு மூடிவைத்தால், உள்ளது எருவாகிவிடும். கிணற்றுக்கு எட்டத்தில் குழியைத் தோண்டுதல் இன்றியமையாதது.

திண்டிவனத்தில் 1890-களின் தொடக்கத்தில் நிகழ்ந்ததொன்று ஈண்டு நினைவிற்கு வருகின்றது. மிஷன் பங்களாவில் பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம், ஒரே இரவில் மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து, மகப்பேற்று வேதனையுற்ற தம் மனைவியர்க்கு உதவுமாறு வேண்டினர். தாம் மருத்துவர் அல்லர், தம் தந்தையாரே மருத்துவர் என்றார் ஐடா. ஆடவரை உள்ளே விடுதல் தம் வீட்டு வழக்கமன்று என்று மூவரும் மீண்டனர். பொழுது விடிந்தபின் அம்மூன்று பெண்களும் இறந்தமை தெரியவந்தது. அவ்விரவே அவரை மருத்துவராக்கிற்று. 1918-இல் வேலூரிற் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் அவரால் எழுந்தது. அம்மூன்று வீடுகளிலும் வழக்கம் காக்கப்பட்டது. கொல்லையின் இருளிற் பாட்டியார் வீழ்ந்ததற்கும் அதற்கும் தொலைவு மிகுதியென்று எமக்குத் தோன்றவில்லை.

எம் வீட்டில் வேலை முடிந்தது. பதினைந்து நாளிலன்று, இரண்டரைத் திங்களில். முதிய கொத்தனார் ஒருவர் சுண்ணாம்பை நீற்றி ஊறவிட்டு, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, முன்பு யாரோ சிமெண்டு பூசிக் கெடுத்த பின்கட்டுச் சுவரையும் உரித்துப் பூசினார். புதிய அறையின் தரைக்கடியில் சிமெண்டு இட்டதை அவரும் மறுக்கவில்லை, யாமும் மறுக்கவில்லை. செலவு மிகுந்தது என்று மாமா இன்றும் கூறுகின்றார், அது பொய்யன்று. பாட்டியார் கேட்டது ஒன்றே. "துவைகல்லை மட்டும் வெளியே போட்டுவிடாதீர்கள், அப்பா" என்றார். அதனைக் கொத்திச் சொரசொரப்பாக்கி அறையினுள் அமருங் கல்லாக நாட்டியுள்ளோம். அதன்மேல் அமர்ந்தே நீராடுகின்றார்.