மணி கோக்கும் கையை இகழாதீர்!



தீபாவளி முடிந்த கையோடு ஊர்க் கடைகளில் கிறிஸ்துமஸ் மரங்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் இந்தக் காலத்தில்தான் என் மேசைமேல் மணிப்பெட்டியும் ஊசியும் ஏறும். அம்மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிப் பந்துகளுக்குச் சிறுமணிகளை வலைபோலப் பின்னி உறையிடுவது பல ஆண்டுகளாக என் ஓய்வுநேரக் கைவேலை. பள்ளி முடிந்தபின் விரும்பி வரும் மாணவர் சிலருக்கும் அதைக் கற்றுத் தருகிறேன்.

அண்மையில் நண்பர் ஒருவர் அதைக் கண்டு நகைத்தார். நகைத்ததோடு நிற்காமல் மூன்று கேள்விகளையும் தொடுத்தார். "நம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் எதற்கு? படிக்கும் நேரத்தில் மணி கோப்பது எதற்கு? கடையில் சில வெள்ளிக்குக் கிடைப்பதை இராப்பகலாகச் செய்வது எதற்கு?"

நண்பர் தனியாள் அல்லர். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஈப்போ வரை எம்மவர் பலர் இதே கேள்விகளைக் கேட்கின்றனர். கேட்காதவர்கள் மனத்தில் வைத்துக்கொள்கின்றனர். ஆகவே அவருக்குச் சொன்ன விடையை அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன வேலை?

இகழ்வதற்கு முன் அறிந்துகொள்வது முறை. ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பந்து. பதினொன்றாம் எண் சிறுமணி. ஒரு மணியின் அகலம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். மெல்லிய நைலான் நூல். மணியின் துளைக்குள் பலமுறை புகுந்து வரக்கூடிய நுண்ணிய ஊசி. இவ்வளவுதான் கருவிகள்.

பந்தின் கழுத்தைச் சுற்றி 36 மணிகளால் ஒரு வளையம் கட்டுகிறோம். அதில் மூன்று மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இடங்களில் ஊசியை நுழைத்து, ஐந்து மணி கொண்ட பன்னிரண்டு கண்ணிகளைத் தொங்கவிடுகிறோம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஏழு மணி, அதற்கடுத்து ஒன்பது, பிறகு பதினொன்று, பிறகு பதின்மூன்று. பந்து விரிய விரியக் கண்ணியும் விரிய வேண்டும். இடுப்பைத் தாண்டிக் கீழிறங்கும்போது அதே வரிசையில் எண்ணிக்கை குறைய வேண்டும். கீழ்ப்பாதியை மூடாமல் குஞ்சம் தொங்கவிட்டு முடிப்பாரும் உண்டு.

ஏன் எல்லாம் ஒற்றைப்படை எண்கள்? ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நடுமணி வேண்டும். அடுத்த சுற்றின் ஊசி அந்த நடுமணியில்தான் நுழையும். இரட்டைப்படை எண்ணுக்கு நடுமணி ஏது? மேல்சுற்றின் இரு கண்ணிகளுக்கு இடையே கீழ்ச்சுற்றின் கண்ணி அமைவதை நம் பாட்டிமார் வேறொரு பெயரால் அறிவர். அது ஊடுபுள்ளிக் கோலம். வாசலில் அரிசிமாவால் இட்டதை இங்கே உருண்டையின்மேல் மணியால் இடுகிறோம். பெர்ணம் ஆற்றோரம் வலை செப்பனிடும் மீனவரைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கண்ணி அவருக்கும் புதிதன்று.

"நமக்கு எதற்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம்?"

இக்கேள்வியில் உள்ள 'நமக்கு' என்னும் சொல்லே பிழை. தமிழர் என்றால் ஒரே சமயத்தார் என்று எவர் வரையறுத்தார்? இதே பேராக் மாநிலத்தில், பாகான் செராயில், 1880களிலேயே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் குடியேறி நிலம் திருத்தின. அக்குடியிருப்பின் பெயர் சூசைப்பாளையம். பெயரிலேயே தமிழும் கிறிஸ்தவமும் கைகோத்து நிற்கின்றன. அவர்களுடைய பண்டிகை நமக்கு அயற்பண்டிகை என்றால், தமிழ்ப்பள்ளியில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் கிறிஸ்தவப் பிள்ளையை நாம் யாரென்று சொல்லப்போகிறோம்?

கண்ணாடிப் பந்து வெளியிலிருந்து வந்ததுதான்; மறுக்கவில்லை. ஜெர்மனியின் லவுஷா என்னும் மலையூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடி ஊதுவோர் செய்யத் தொடங்கிய பொருள் அது. ஆனால் அதன்மேல் போர்த்தும் மணி? அதற்கும் நமக்கும் உள்ள உறவு மிகப் பழையது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவ்வூர் பழங்காலத்தில் கண்ணாடி மணி செய்த பெரும் பட்டறை என்பதை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் சூட்டில் முனை மழுங்கச் செய்வது அங்கே கையாண்ட முறை. அவ்வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்காசியா வரை கடல்வழியே பரவின.

தொலைவில் தேட வேண்டாம். நம் பேராக் மாநிலத்துச் சதுப்புக் கரையிலுள்ள கோலா செலின்சிங்கில் ஐவர் எவன்ஸ் 1920களிலும் 1930களிலும் செய்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. தோட்டத்துக்குச் சஞ்சிக்கூலியாக நம் முன்னோர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்கு மணி வந்துவிட்டது! இன்று செக் நாட்டிலும் சப்பானிலும் செய்து விற்கும் சிறுமணிகளும் கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கும் அதே தத்துவத்தில்தான் பிறக்கின்றன. அவற்றை 'வெள்ளைக்காரன் பொருள்' என்று ஒதுக்குவோர், சொந்தப் பாட்டனை அடையாளம் தெரியாமல் வாசலில் நிறுத்தி வைத்தவர் ஆவர்.

மேலும், பின்னல் ஒன்றே. உள்ளே இருக்கும் உருண்டைதான் மாறுகிறது. கல்யாணச் சீர்த்தட்டில் மணி ஒட்டிய அலங்காரத் தேங்காய் வைக்கிறோம். தென்னைக்குப் பேர்போன பாகான் டத்தோ வட்டாரத்தில் தேங்காய்க்கா பஞ்சம்? பந்துக்கு உறை பின்னக் கற்ற பிள்ளை, கண்ணியைச் சற்றே பெருக்கித் தேங்காய்க்கும் பின்னும். கலசச் செம்புக்கும் பின்னும். கைக்கு மதம் இல்லை ஐயா!

"படிக்கும் நேரத்தில் இது எதற்கு?"

இதுவும் படிப்புத்தான் என்பது என் விடை. மேற்சொன்ன ஐந்து சுற்றுக்கும் எத்தனை மணி வேண்டும் என்று மாணவரைக் கேட்டேன். 5, 7, 9, 11, 13 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 45. பன்னிரண்டு கண்ணிக்கு 540. கழுத்து வளையம் 36. ஆக மொத்தம் 576. பயிற்சிநூலில் இதே கணக்கைக் கண்டால் கொட்டாவி விடும் மாணவன் ஒருவன், மணி போதாமல் போய்விடுமோ என்ற கவலையில் விரல்விட்டு எண்ணி விடை சொன்னான். விடை அவனுக்குத் தேவைப்பட்டது. ஆகவே கணக்கு வந்தது.

பொறுமை என்னும் பாடமும் இதில் உண்டு. இரண்டாம் சுற்றில் ஒரு மணி குறைந்தால் அப்போது தெரியாது. ஐந்தாம் சுற்றில் வலை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். பூசி மெழுக முடியாது. பிரித்துத்தான் ஆக வேண்டும். தன் பிழையைத் தானே கண்டு, அதுவரை செய்ததைத் தன் கையாலேயே பிரித்து மீண்டும் கோக்கும் பிள்ளைக்கு நான் தனியாக நன்னெறிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வு மனம் போயிற்றா? இன்றும் எத்தனை 'ஏ' என்ற எண்ணிக்கையைத் தவிர வேறு எண்ணிக்கை நம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. கைவேலை என்றால் படிப்பு வராதவர்க்கு என்று தள்ளிவிடுகிறோம். பெண்பிள்ளைக்கு என்று பிரித்துவிடுகிறோம். என்னிடம் கோக்க வருவோரில் ஆண்பிள்ளைகளும் உண்டு. ஊசி எவர் கையிலும் ஒரே மாதிரிதான் குத்துகிறது.

நம் முன்னோரின் கை எத்தகையது என்பதை மறந்துவிட்டோம். 1906ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனி இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. இத்தகைய தோட்டங்களில் விடிகாலைப் பெரட்டு முடிந்து இருட்டிலேயே மரம் சீவியவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். ஒரு சீவலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டை போக வேண்டும். குறைந்தால் பால் வடியாது; ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த நுட்பத்தைக் காட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை. தோட்டத்தை விட்டு வந்ததற்கு நான் வருந்தவில்லை. அந்த வறுமையும் அட்டைக்கடியும் ஒழிந்தது நன்றே. ஆயினும் கையின் நுட்பத்தையுமா தோட்டத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும்?

ஆசிரியர்களும் குற்றவாளிகளே

பிறரை மட்டும் சாடுவது நேர்மையாகாது. கைவினைக் கண்காட்சி என்று அறிவிக்கிறோம். பிள்ளை செய்ய வேண்டியதை அம்மா இரவெல்லாம் விழித்துச் செய்கிறார். அல்லது அப்பா கடையில் வாங்கி வருகிறார். நமக்கும் அது தெரியும். தெரிந்தே பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். கோணலாக இருந்தாலும் பிள்ளையே பின்னிய வலையை மேசையின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். இதைவிடப் பெரிய பொய்யை நாம் அப்பிள்ளைக்குக் கற்றுத்தர முடியுமா? இந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு. நானும் முன்னர் அப்படிப் பரிசு கொடுத்தவர்களுள் ஒருவரே.

"கடையில் மலிவாகக் கிடைக்கிறதே?"

கிடைக்கிறது. நெகிழிப் பந்தும் நெகிழி மணியும் பசையால் ஒட்டிக் கிடைக்கின்றன. அதை வாங்குவோரை நான் தடுக்கவில்லை. ஆனால் கையால் பின்னியதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதற்கா இவ்வளவு விலை? பத்து வெள்ளிக்குத் தருவீர்களா?" என்று கேட்பவரிடம்தான் என் சண்டை.

கணக்குப் பார்ப்போம். நிதானமாகப் பின்னினால் ஓர் உறைக்கு எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதை மணிக்கணக்காகப் பிரித்தால் எட்டு வெள்ளிக்குச் சற்று அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு நாற்பது வெள்ளி. மணி, நூல், பந்து ஆகியவற்றின் செலவு தனி. பத்து வெள்ளிக்குக் கேட்பவர், பின்னியவரின் ஒரு மணி நேர உழைப்பை இரண்டு வெள்ளிக்கு, பொருட்செலவையும் சேர்த்து, கேட்கிறார் என்றே பொருள்! எனக்கு இது ஓய்வுநேர வேலை. எனக்குச் சம்பளம் உண்டு. ஆனால் வீட்டிலிருந்தே மணிவேலையும் தையலும் செய்து பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கும் தாய்மாருக்கு? 'பொழுதுபோக்குத்தானே' என்னும் ஒரு சொல்லால் அவர்களுடைய கூலியைப் பாதியாக்குகிறோம். அன்று தோட்டத்தில் கூலியைக் குறைத்தவனைத் திட்டிய நாம், இன்று சந்தையில் அதே வேலையைச் செய்கிறோம்.

வேறு நாட்டார் எப்படி நடத்துகின்றனர்? செக் நாட்டின் வடபகுதியில் ஊதிய கண்ணாடி மணிகளால் கிறிஸ்துமஸ் மர அலங்காரங்களைக் கையால் செய்யும் கலையை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டில் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் தம் சிற்றூர்க் கைகளை உலகின்முன் நிறுத்துகின்றனர். நாம் நம் கைகளைப் பார்த்து "வேறு வேலை இல்லையா?" என்கிறோம்.

நிறைவாக

நான் கேட்பது பெரிதன்று. பெற்றோர்களே, பிள்ளை கையில் ஊசி எடுத்தால் பிடுங்காதீர். ஆணானாலும் பெண்ணானாலும் கோக்க விடுங்கள். ஆசிரியர்களே, கடையில் வாங்கியதற்குப் பரிசு கொடுக்காதீர். கோணல் வலையை நடுமேசையில் வையுங்கள். வாங்குவோரே, பேரம் பேசுமுன் மணிகளை எண்ணிப் பாருங்கள்.

நண்பருக்கு இவ்வாண்டு ஓர் உறை பின்னிக் கொடுக்கப்போகிறேன். கூடவே ஊசியும் நூலும் 576 மணிகளும் கொடுப்பேன். ஒரு சுற்றையேனும் அவர் கோத்துவிட்டு வரட்டும். அதன்பிறகு இகழ்ந்தால் கேட்டுக்கொள்கிறேன்.

சிந்திப்போம், கை வைப்போம்.