நினைவகமும் மூலமும்

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஓரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான் வரும்: அவன் எய்த ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியது. புறநானூற்றின் 152ஆம் பாடல் தரும் செய்தி அது. அதே ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாடல் சொல்வதை வகுப்பில் எடுத்துரைத்தால் மாணவர்கள் திகைக்கிறார்கள். கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவரும் கடையெழு வள்ளல்களுள் அடக்கம் என்றால் நம்பவே தயங்குகிறார்கள்.

இதை எண்ணும்போதெல்லாம் இணையத்தளங்கள் இயங்கும் முறை நினைவுக்கு வருகிறது. வழங்கி இயல்பிலேயே மறதி உடையது. வாசகர் ஒருவர் கேட்ட பக்கத்தைத் தந்ததும், அதற்காகத் திரட்டியவற்றை நிரல் உதறிவிடும். அடுத்தவர் கேட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தம் லைவ்ஜர்னல் தளத்துக்காக மெம்கேஷ்ட் என்னும் மென்பொருளை எழுதினார். ஒருமுறை திரட்டியதைப் பல கணினிகளின் நினைவகத்தில் பொதுவாக வைத்துவிட்டால், அடுத்து வருபவருக்காகத் தரவுத்தளம் வரை போக வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவும் இவ்வழியைக் கையாண்டது.

ஆனால் நினைவகம் சிறியது. இடம் நிறைந்தால், நெடுநாள் எவரும் கேட்காதது வெளியேற்றப்படும். மூலம் திருத்தப்பட்டால் பழைய பிரதியை நீக்க வேண்டும். தவறினால் பிழைதான் விரைவாகப் பரவும். மின்சாரம் நின்றால் அனைத்தும் போகும். பொறியாளர்கள் இதற்கெல்லாம் அஞ்சாதிருப்பது, பின்னால் தரவுத்தளம் இருக்கிறது என்ற உறுதியால்தான்.

நம் மேடைகளும் பாடநூல்களும் இத்தகைய பொது நினைவகங்களே. அவற்றை நான் பழிக்கவில்லை. அவையின்றி ஓரியின் பெயர் பலரை எட்டியிராது. எனினும் எவரும் கேட்காததால் ஓரியின் சாவு வெளியேறிவிட்டது. ஈகையும் கொலைத்தொழிலும் ஒரே மனிதர்களிடம் குடியிருந்தன என்ற கசப்பான உண்மையும் அதனுடன் போயிற்று. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். அகநானூறும் பின்னர் அச்சேறியது. மூலம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் மேற்கோளிலிருந்து மேற்கோளுக்கே நாம் தாவிக்கொண்டிருக்கிறோம்.

தமிழாசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழைய பிரதியை நீக்கிவிட்டு மூலத்துக்குச் சென்று வர வேண்டும். பத்தாண்டுகள் ஒரே குறிப்பேட்டைக் கொண்டு ஓரியைக் கற்பித்தவன் நான். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.