வெந்நீரும் வீட்டாரின் கடமையும்

மார்கழிப் பனி விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் மூடிக்கொள்ளும் நாட்களில், விடியுமுன் நீராடும் வழக்கம் நம்மவரை விட்டு இன்னும் நீங்கவில்லை. முன்னாளில் புழக்கடையில் விறகடுப்பும் தாமிரத் தவலையும் செய்துவந்த வேலையை இன்று குளியலறைச் சுவரில் தொங்கும் மின்சார ஹீட்டர் செய்கிறது. அதன் சௌகரியத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் விறகடுப்பின் நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மின்சாரமோ கண்ணுக்குப் புலப்படாதது. புலப்படும் நெருப்பிடம் காட்டிய ஜாக்கிரதையில் பாதியைக்கூட நாம் இதனிடம் காட்டுகிறோமில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழப்பதை ஸர்க்காரின் குற்ற ஆவணக் கணக்குகளே கூறுகின்றன.

அபாயம் விளையும் விதம் யாது? இப்பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது பிரிந்து, ஹீட்டரின் உள்ளேயுள்ள கம்பிச்சுருளின் உறைமேல் வெள்ளையாகப் படிகிறது. படிவு தடிக்கத் தடிக்க உறை மிதமிஞ்சிக் காய்ந்து வெடிக்கிறது. மின்சாரம் தண்ணீரில் கலக்கிறது. எர்த் கம்பி செவ்வையாக இருந்தால் அம்மின்சாரம் பூமிக்குப் போய்விடும். இல்லையேல், ஈர உடம்போடு குழாயைத் தொட்டு நிற்கும் மனிதன் வழியாகவே அது பூமியைத் தேடும்.

எம்.ஸி.பி. பொருத்தியிருக்கிறோம், இனி பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. ஹீட்டருக்கு வைக்கும் எம்.ஸி.பி. 16 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் ஓடினாலன்றி அசையாது. ஒரு மனிதனைக் கொல்லவோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். கம்பி எரியாமல் காப்பது எம்.ஸி.பி.; உயிரைக் காப்பது ஆர்.ஸி.டி. என்னும் மின்கசிவுத் தடுப்பான். 30 மில்லி ஆம்பியர் கசிந்த மாத்திரத்தில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

இரண்டு ஊர்களுக்கும் இது வெறும் ஏட்டு விஷயமன்று. 2024 நவம்பர் 30ந் தேதி இரவு புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே வெள்ளத்தில் முழுகியது. வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் சேற்றைக் கழுவியவர்கள், நனைந்த பிளக்குகளையும் சுவருக்குள் ஈரம் கோத்த கம்பிகளையும் சோதித்தனரா? சோதித்தவர் தமக்கு நன்மை செய்துகொண்டார். சோதியாதவர் இனியும் தாமதிக்கலாகாது.

இங்கே சட்ட சம்பந்தமான ஒரு சிக்கலை நேயர்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமை. 1993இல் விழுப்புரம் மாவட்டத் தலைநகரான பிறகு உத்தியோகஸ்தர் பலர் அங்கு வாடகை வீடுகளில் வசிக்கின்றனர். 2019 முதல் அமலிலிருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, எழுத்து மூலமாக வேறு உடன்படிக்கை இல்லாவிடில், ஹீட்டர் பழுதைக் குடியிருப்பவர் தலையிலும், வீட்டின் மின்கம்பி அமைப்பை வீட்டுக்காரர் தலையிலும் வைக்கிறது. செலவைப் பங்கிட இது நியாயமே. ஆனால் ஹீட்டர் ஒருவரைச் சார்ந்தது, எர்த் மற்றொருவரைச் சார்ந்தது என்று ஆகும்போது, இரண்டும் சேருமிடத்தை எவரும் பார்ப்பதில்லை. மூன்று ஓட்டைகள் கொண்ட பிளக் சுவரில் அழகாக இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இராது. இத்தகைய வீடுகளை நாமே கண்டிருக்கிறோம். வழக்கு மன்றத்தில் பொறுப்பைப் பங்கிடலாம். போன உயிரைப் பங்கிட முடியுமோ?

ஆகையால் நாம் கூறுவது இது. வாடகை உடன்படிக்கை எழுதும்போதே, எர்த்தும் ஆர்.ஸி.டி.யும் சோதிக்கப்பட்டன என்ற வாசகத்தை அதில் சேர்த்து இருவரும் கையொப்பமிடுக. ஆண்டுக்கொருமுறை, குளிர்காலத்துக்கு முன், தகுதிச் சான்று பெற்ற கம்பியாளைக் கொண்டு ஹீட்டரைத் திறந்து உப்பை அகற்றி, உள்ளே துருவைத் தடுக்கும் மக்னீசியத் தண்டு கரைந்திருந்தால் மாற்றுக. மேலதிக அழுத்தத்தை வெளிவிடும் வால்வு சொட்டுகிறதென்று அதை அடைத்துவிட வேண்டாம். அடைத்தால் கலமே வெடிக்கக்கூடும். ஆர்.ஸி.டி.யின் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கவும். தண்ணீர் காய்ந்ததும் சுவிட்சை அணைத்த பிறகே குளிக்கச் செல்லவும். புதிதாக வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாததை மலிவென்று வாங்கலாகாது. வாளியில் இடும் ஹீட்டர் கம்பியை உபயோகிப்போர், பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் விரலை வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஒரு விசேஷத்துக்குச் செய்யும் செலவில் சிறு பகுதியே. ஆயினும் அதுவும் இயலாத ஏழைகள் உளர். அவர்கள் வசிக்கும் தெருக்களில் எர்த் சோதனையை நடத்த விழுப்புரம், திண்டிவனம் நகரசபைகளும் மின்வாரியமும் முன்வர வேண்டும். அதை வற்புறுத்துவது பொதுஜன ஊழியர்களின் வேலை. மேடையில் தேசத்தைப் பற்றிப் பேசுவோர், வீடு திரும்பியதும் தமது குளியலறைப் பிளக்கின் மூன்றாவது ஓட்டையைச் சோதித்தாரா என்று நாம் கேட்கிறோம். ஊரைக் காக்கும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.