காலி செய்ய வேண்டியது யார்?

வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுத் தரகர் போன் போடுகிறார். "சார், வீட்டக் குடுக்கிறதா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, நல்ல பார்ட்டி இருக்கு." விற்கப் போகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தெரு முடிவெடுத்துவிட்டது. வீட்டுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் சேதி கடைசியாக வருகிறது.

காரைக்குடிக்கு வெளியே பிளாட் போட்ட இடத்தில் மூன்று செண்டு. வங்கிக் கடன், துணைவியின் நகை, வைப்பு நிதியில் எடுத்த முன்பணம் எல்லாம் சேர்ந்து சுவராக நிற்கிறது. தேவகோட்டைப் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்து, ஆதிதிராவிடர் விடுதியில் தின்று வளர்ந்து, அரசு அலுவலகத்தில் எழுத்தரானவன் நான். எங்கள் வம்சத்தில் சேரிக்கு வெளியே பத்திரம் பதிந்த முதல் ஆள். பால் காய்ச்சிய அன்றைக்குத் தெருவே வந்தது. பால் குடித்தது. "சொந்த ஊரு எது சார்?" என்றார்கள், சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" என்றார்கள், மழுப்பினேன். மறுவாரம் ஊரிலிருந்து ஆத்தாவும் சித்தப்பன் பெரியப்பன் மக்களும் வேனில் வந்து இறங்கினார்கள். அதோடு தெரிந்துபோயிற்று.

யாரும் அடிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டு மதில் மூன்றடி உயர்ந்தது, மேலே கண்ணாடிச் சில்லு முளைத்தது. தண்ணீர் லாரி வந்தால், "குடத்தக் கொஞ்சம் தள்ளி வைங்கம்மா." ஏரியாக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிற நோட்டு எங்களுக்கு முந்தின வீடு வரை வந்தது, எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் கேட்கவில்லை பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சங்கதி. தலைக்கட்டு என்றால் கணக்கில் உள்ள தலை. எங்கள் தலை கணக்கில் இல்லை. மகள் ஒருநாள் வந்து சொன்னாள்: "என்னைய மட்டும் வாசல்லயே வெளையாடச் சொன்னாங்கப்பா."

போன ஐப்பசியில் ஆத்தா எங்கள் வீட்டில் இறந்துபோனாள். ஊரிலிருந்து பறை வந்தது. குடியிருப்போர் சங்கத்துக்காரர் ஒருவர் மாலையோடு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார். "சார், தப்பா நெனைக்காதீங்க. இது டீசன்ட் ஏரியா. மேளம் மட்டும் வேணாம். அப்புறம், கோயில் பக்கமா எடுத்துட்டுப் போகாமப் பின்னாடி சுத்திப் போயிருங்க." பறை அடிமைத் தொழிலா, விடுதலைக் கலையா என்று நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருக்கிறோம், நானே எழுதியிருக்கிறேன். ஆத்தா கிடக்கிறபோது அந்த விவாதம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். செட்டுக்காரப் பெரியப்பாவிடம் போய், "அடிக்க வேணாம்" என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பறையைத் துணியில் சுற்றினார். ஆத்தாவைப் பின்பக்கப் பொட்டல் வழியாகத் தூக்கிப் போனோம்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பேச்சு. இருக்கிறதா, வித்துட்டுப் போறதா?

இந்த ஊரில் வீட்டுக்கா பஞ்சம்? ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளுகிற செட்டிநாட்டு அரண்மனைகள் பூட்டிக் கிடக்கின்றன. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், வருசத்துக்கு ஒரு படைப்பு, எப்போதாவது ஒரு சினிமாப் படப்பிடிப்பு. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942இல் சப்பான் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தார்கள், பிறகு பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது. வேற்று மண்ணில் வந்தேறி என்று பேச்சுக் கேட்டு, வீடு இழந்து, நிலம் இழந்து திரும்பியவர்கள் வாழ்ந்த ஊர் இது. அந்த வலி இந்த ஊருக்கு எங்கள் விசயத்தில் எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. வாடகைக்கு அலைந்த காலத்தில் நான் கேட்ட முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "நீங்க என்ன ஆளுங்க?" படித்தவர்கள் வீட்டில் அது "சைவமா?" என்று வரும். காரைக்குடி மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். சுகதேவ் தோரட்டும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் தில்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகை வீடு தேடுகிற மாதிரி ஆட்களை வைத்துச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். மேல்சாதிப் பெயர் சொன்னவருக்கு வீடு இருந்தது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் வீடு திடீர் திடீரென்று இல்லாமல் போனது.

நம்ம மண்ணுக்கே வருவோம். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் (இன்றைய சிவகங்கை அதற்குள்தான் இருந்தது) கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பட்டியலைப் பதிந்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே ஆண்கள் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, களஞ்சியங்கள் அழிந்தன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 சூனில் தடை பதினொன்றாக வளர்ந்தது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்கணும். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணாக் கூலிக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உழைக்கணும். கல்யாணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிடணும்.

தோழர்களே, தரகரின் போன் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? அன்றைக்குக் கல்யாண மேளம் கூடாது என்றான், இன்றைக்குச் சாவு மேளம் வேண்டாம் என்கிறான். அன்றைக்குத் தீ வைத்தான், இன்றைக்கு மாலை வைத்துவிட்டுச் சொல்கிறான். தீ வைக்கிறவனும் எங்கேயும் போய்விடவில்லை. 1979இல் உஞ்சனையில் ஐந்து பேர். 2018 மே மாதம் இதே சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்தில் இருட்டில் புகுந்து வெட்டியதில் மூன்று பேர். 2022இல் அந்த வழக்கில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கச்சநத்தத்துக்குப் பிறகு ராத்திரியில் கரண்ட் போனால் என் துணைவி முதலில் கதவைத்தான் பார்க்கிறாள், மெழுகுவர்த்தியை அப்புறம்தான் தேடுகிறாள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே, தாழ்த்தப்பட்டவரை வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ வெளியேறும்படிச் செய்வது குற்றம் என்று எழுதியிருக்கிறது. 2015 திருத்தத்தில் சமூகப் புறக்கணிப்பும் சேர்ந்தது. ஒருநாள் ராத்திரி புகார் எழுத உட்கார்ந்தேன். மதிலை உயர்த்தினார். அவர் மதில். வரி கேட்கவில்லை. கேட்காதது குற்றமா? குடத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். எல்லாரிடமும்தான் சொன்னேன் என்பார். மாலை போட்டார். இதற்கு எந்தப் பிரிவு? சாதி சொல்லி அவமதித்த வழக்கிலேயே, நாலு சுவருக்குள் வெளியாள் பார்க்காமல் நடந்திருந்தால் அந்தக் குற்றம் பொருந்தாது, பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, வாயே திறக்காதவனை என்ன செய்ய? அலுவலகத்தில் ஆயிரம் மனு எழுதியவன் நான், இந்த ஒரு மனு வரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

தெருவுக்கு ஒத்துவராதவன் காலி செய்ய வேண்டும் என்பது பொதுப்புத்தி. ஒத்துவராதது யார் என்று மட்டும் அது கேட்காது. உத்தப்புரம் ஞாபகமிருக்கிறதா? மதுரை மாவட்டத்தில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே 1989இல் எழுப்பிய சுவர். 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை திறந்தது. சுவர் போனதும் பிள்ளைமார் என்ன செய்தார்கள்? குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். குடும்ப அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் பின்னாலேயே போய்க் கெஞ்சினார்கள். தலித் நடந்து வருவதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் வெளியேறினால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, கலெக்டர் ஓடி வருவார். அவன் தொல்லை சகிக்காமல் நான் வெளியேறினால் அது வீடு மாத்துறது, லாரிக்காரர் மட்டும்தான் வருவார்.

அறிவுரைக்குக் குறைவில்லை. முற்போக்குத் தோழர் ஒருவர், "விட்டுக் குடுக்காதீங்க, அது ஒரு களம்" என்றார். அவர் குடியிருப்பது அவருடைய சொந்தச் சாதிக்காரர் தெருவில். நம் இயக்கத்துத் தம்பி ஒருவன் வேறு விதமாகக் கேட்டான். "அண்ணே, அண்ணலே தனிக் குடியிருப்புத்தானே கேட்டாரு? அவனுக கூட எதுக்கு மாரடிக்கிறீங்க?" இது லேசில் தள்ளுகிற கேள்வி இல்லை. 1942இல் நாக்பூர் மாநாட்டில் தீண்டப்படாதவர்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் வந்தது. 1947இல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையிலும் அது இருக்கிறது. ஆனால் தம்பி, அவர் கேட்டது அரசின் நிலம், அரசின் செலவு, நமக்கென்று ஒரு ஊர். உரிமையாக, கூட்டமாகப் போவது. ஒரு குடும்பம் தட்டுமுட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போவது அதில் எந்த ஷரத்தில் வருகிறது? அதே அண்ணல் 1930களில் தன் வீட்டைக் கட்டியது பம்பாய் தாதரில் இந்து காலனியில். (நம்மூர் அரசு 1997இல் ஆரம்பித்த சமத்துவபுரமும் ஒரு விதத்தில் வேடிக்கைதான். நூறு வீட்டில் நாற்பது நமக்கு, நல்லது. சமத்துவத்துக்கென்று ஊருக்கு வெளியே தனியாக ஒரு காலனி கட்டியாகிவிட்டதால் ஊர் பழையபடி ஊராகவே இருந்துகொண்டது.)

இதையெல்லாம் நான் துணைவியிடம் ஒரு கூட்டத்தில் பேசுகிற மாதிரியே பேசினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"களம் களம்னு சொல்றாரே அந்தத் தோழரு, அவரு வந்து ஒரு வாரம் இந்த அடுப்படில நிக்கட்டும். காலையில ஒம்பதுக்குப் போறீக, ராத்திரி ஏழுக்கு வர்றீக. இந்தத் தெருவுல குடியிருக்கிறது நானும் புள்ளையுந்தான். நீங்க தங்கிட்டுப் போறீக, அம்புட்டுத்தான்."

எனக்குப் பதில் இல்லை. ஆறு வருசமாகக் குடத்தைத் தள்ளி வைத்தவள் அவள். இருப்பதா போவதா என்று முடிவெடுக்கிற உரிமை முதலில் யாருக்கு என்றுகூட நான் யோசித்திருக்கவில்லை. தலித் ஆண்கள் நாம் எழுதுகிற களக் குறிப்புகளில் தண்ணீர் லாரி வரவே வராது.

"போவோமா, அப்ப?" என்றேன்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் படத்த எதுக்குப் பீரோவுக்குப் பின்னால வச்சிருக்கீக?"

எங்கள் கல்யாணத்துக்கு மாமா கொடுத்த அம்பேத்கர் படம். வாடகை வீடுகளில் உள் அறைக்குப் போனது, சொந்த வீட்டிலும் உள் அறையிலேயே தங்கிவிட்டது. 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிப் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு இடம் கொடுக்க ஆளில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். இந்து நண்பர், நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறினார். அதை அவரே பின்னால் எழுதி வைத்தார். மாணவர்களுக்கு இந்தக் கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவரையே பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அவருக்கு வேறு பெயர் சொல்ல வேண்டிய கதி, இருபத்தைந்து இருபத்தாறு வயசு, கையில் காசில்லை. எனக்கு என்ன கதி? பத்திரம் என் பெயரில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தெருக்கதவைத் திறந்தால் நேராகத் தெரிகிற சுவரில் ஆணி அடித்தேன். மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கோணல் என்றாள், சரிசெய்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் பேச்சு நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் ஆரம்பித்தது. திங்கட்கிழமை தரகர் போன் போட்டார். இந்த வருசம் இல்லை என்றேன். "அடுத்த வருசம் சார்?" என்றார். வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள் என்று போனைத் துணைவியிடம் கொடுத்துவிட்டேன்.

"ஐப்பசி வரைக்கும் போன் போடாதீக," என்றாள் அவரிடம். "அத்தைக்கு வருசம் முடியிது. ஊர்ச் செட்டுக்கு அச்சாரம் குடுத்தாச்சு. கோயில் தெரு வழியாத்தான் அடிச்சுக்கிட்டு வர்றாக. அப்புறமாப் பேசுவோம்."